புயல் ஓய்ந்த பிறகு குழந்தையின் மனத்தில் என்ன நடக்கிறது?

வெள்ளம் வந்துபோன ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிந்து பத்து நாள் ஆகிவிட்டது. வீட்டைக் கழுவியாயிற்று, நனைந்ததையெல்லாம் வெயிலில் காயப்போட்டு எடுத்தாயிற்று, மின்சாரமும் வந்துவிட்டது. அந்த வீட்டில் ஐந்து வயதில் ஒரு பையன். பகலெல்லாம் ஓடியாடி விளையாடுகிறான், சாப்பிடுகிறான், சிரிக்கிறான். "சின்னப் பிள்ளைதானே, எல்லாத்தையும் மறந்துட்டான்" என்று பெரியவர்கள் நிம்மதியாகப் பேசிக்கொள்கிறார்கள்.

ராத்திரி படுக்கும்போது மட்டும் அவன் ஒரு காரியம் செய்கிறான். வாசலில் கிடக்கும் தன் செருப்பை எடுத்துவந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறான். திரும்பக் கொண்டுபோய்ப் போட்டால் மறுபடி போய் எடுத்து வருகிறான். அதட்டினால் அழுகிறான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய அன்று, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, இருட்டில் வெறுங்காலோடு ஓடியவன் அவன்.

பெரியவர்களுக்கு "பயமாக இருக்கிறது" என்று சொல்லத் தெரியும். சின்னக் குழந்தைக்கு அந்தச் சொல் அவ்வளவு எளிதில் வாய்க்காது. சொல்லாமல் போனால் பயம் போய்விடுமா என்ன? அது வயிற்று வலியாக வரும், அடமாக வரும், நனைந்த படுக்கையாக வரும், தலைமாட்டில் ஒரு ஜோடிச் செருப்பாகவும் வரும். பேரிடரைக் கடந்துவந்த குழந்தையின் பயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், பயம் மாதிரித் தோன்றாத இடங்களில்தான் தேட வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

உடம்புக்குள் அடிக்கும் அபாய மணி

மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பு வடிவத்தில் அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று தோன்றிய கணத்தில் மணி அடிப்பது அதன் வேலை. மணி அடித்ததும் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, கை கால் தசைகள் முறுக்கேறுகின்றன. ஓடவோ போராடவோ உடம்பு தயாராகிறது. எதுவுமே முடியாது என்னும்போது அப்படியே உறைந்துபோய் நிற்பதும் உண்டு. இது நோய் அல்ல. உயிரைக் காப்பாற்ற உடம்புக்குத் தெரிந்த வழி.

ஆபத்து போன பிறகும் மணி உடனே நிற்பதில்லை என்பதில்தான் சிக்கல். கதவு படாரென்று சாத்தப்பட்டாலும், வானம் லேசாக இருட்டினாலும், கனரக லாரி போகும்போது ஜன்னல் அதிர்ந்தாலும் உடம்பு மறுபடி அதே நிலைக்குப் போய்விடுகிறது. பெரியவர்களுக்கும் இது நடக்கும். ஆனால் "இது லாரிதான், நிலநடுக்கம் இல்லை" என்று எடுத்துச் சொல்லி நம்மை அமைதிப்படுத்த நெற்றிக்குப் பின்னால் மூளையின் முன்பகுதி இருக்கிறது. அந்தப் பகுதி முழுதாக வளர்ந்து முடிய இருபது வயதைத் தாண்டிவிடும். குழந்தையிடம் மணி இருக்கிறது, அதை நிறுத்தும் கை இன்னும் வளரவில்லை. அதனால் அது பெரியவர்களின் கையைத் தேடுகிறது. பேரிடருக்குப் பின் குழந்தை இடுப்பை விட்டு இறங்க மறுப்பதும், கழிப்பறை வரை பின்னாலேயே வருவதும் செல்லம் கொஞ்சுவதால் அல்ல. தன்னால் நிறுத்த முடியாத மணியை நிறுத்தித்தரச் சொல்லிக் கேட்கிறது.

வயதுக்கு ஒரு மொழி

கைக்குழந்தைக்குப் புயல் என்றால் என்னவென்று தெரியாது. தூக்கி வைத்திருக்கும் கை நடுங்குவது தெரியும். பால் குடிக்கும் நேரம் மாறியது தெரியும், பழகிய வாசனை இல்லாத இடத்தில் படுத்திருப்பது தெரியும். காரணமில்லாமல் அழும், பால் குடிக்க மறுக்கும், தூக்கம் தாறுமாறாகும், முன்பு தாராளமாகப் போன ஆட்களிடம் போகாது. "குழந்தைக்கு என்ன புரியும்" என்று விட்டுவிடக் கூடாது. கதை புரியாவிட்டாலும் அதிர்ச்சி புரிகிறது.

மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் வயதில் பின்னால் போய்விடுவார்கள். எப்போதோ விட்ட விரல் சூப்பும் பழக்கம் திரும்பும். படுக்கையை நனைப்பார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை மழலைக்குத் திரும்பும், தானே சாப்பிட்ட பிள்ளை ஊட்டிவிடச் சொல்லும். உலகம் தாங்க முடியாததாக மாறும்போது, தான் பத்திரமாக இருந்த வயதுக்கு மனம் ஓடிப்போய் ஒளிந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இதற்காக அடிப்பதும், "இவ்வளவு பெரிய பிள்ளை, வெட்கமா இல்ல?" என்று நாலு பேர் முன்னால் கேட்பதும் நிலைமையை மோசமாக்கும். குழந்தை வேண்டுமென்று படுக்கையை நனைப்பதில்லை. விரிப்பை மாற்றிவிட்டு, "பரவாயில்லை, படுத்துக்கோ" என்றால் போதும். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும்.

இந்த வயதில் இன்னொன்றும் நடக்கிறது. பெரியவர்கள் பலர் இதைக் கவனிப்பதே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சின்னக் குழந்தை தன்னை நடுவில் வைத்துத்தான் உலகத்தைப் பார்க்கும் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே விளக்கியிருக்கிறார். தான் நினைத்ததும் சொன்னதும் வெளியே நடப்பதற்குக் காரணமாகலாம் என்று அது நம்பும். சாதாரண நாளில் இது அழகான விஷயம். நிலா தன்கூடவே நடந்து வருகிறது என்று குழந்தை சொல்வது இதனால்தான். பேரிடர் நாளில் இதுவே கொடுமையாகிவிடுகிறது. காலையில் தம்பியைக் கிள்ளிவிட்டு, "நீ செத்துப் போ" என்று கத்தியிருப்பாள் ஒரு சிறுமி. மத்தியானம் பூமி ஆடுகிறது, தம்பிக்குக் காயம் படுகிறது. இரண்டையும் அவள் மனம் முடிச்சுப் போட்டுவிடும். யாரிடமும் சொல்ல மாட்டாள். அடுத்த சில வாரங்களுக்கு அவள் என்றுமில்லாத அளவுக்கு நல்ல பிள்ளையாக நடந்துகொள்வாள். வீட்டில் எல்லோரும் பாராட்டுவார்கள்.

அதனால் குழந்தை கேட்காவிட்டாலும் இதை நாமே சொல்லிவிட வேண்டும்: "பூமி ஆடினதுக்கு யாரும் காரணம் இல்லை. நீ செஞ்சதாலயோ, சொன்னதாலயோ, நினைச்சதாலயோ இது நடக்கலை." ஒருமுறை சொன்னால் போதாது, பலமுறை சொல்ல வேண்டும். "நீ குறும்பு பண்ணினா மறுபடியும் வெள்ளம் வரும்" என்று விளையாட்டுக்குக்கூட மிரட்டக் கூடாது. எத்தனை வருடம் அந்தச் சொல்லைக் குழந்தை சுமக்கும் என்று நமக்குத் தெரியாது.

இறப்பும் இப்படித்தான். போனவர் திரும்ப மாட்டார், அவருக்கு இனிப் பசியோ வலியோ இல்லை, உயிருள்ள எல்லாம் ஒருநாள் இறக்கும். இந்த மூன்றும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் பிடிபடுகின்றன. அதற்கு முன்பு, "தாத்தா செத்துட்டார்" என்று தானே சொல்லும் பிள்ளை அடுத்த நிமிடம் "எப்ப வருவார்?" என்று கேட்கும். கல்மனசு என்று நினைக்க வேண்டாம். புரிந்தது அவ்வளவுதான். "தாத்தா தூங்குறார்" என்று சொல்லிச் சமாளித்தால் அன்றிலிருந்து அந்தக் குழந்தை தூங்கவே பயப்படலாம். "வெளியூர் போயிருக்கார்" என்றால் சொல்லிக்கொள்ளாமல் ஏன் போனார் என்று ஏங்கும். "தாத்தா இறந்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. அவரால இனி வர முடியாது. நமக்கெல்லாம் ரொம்ப வருத்தமா இருக்கு." சொல்வதற்குக் கடினமான வார்த்தைகள்தான். ஆனால் குழந்தைக்குக் குழப்பம் இல்லாத வார்த்தைகள் இவைதான்.

ஆறு முதல் பதினோரு வயது வரை உள்ளவர்களிடம் உடம்புதான் அதிகம் பேசும். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் தலைவலி, வயிற்று வலி. மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்பார். வலி பொய் அல்ல, வலிக்கத்தான் செய்கிறது. பாடத்தில் மனம் நிற்காது. சட்டென்று கோபம் வரும். சிலர் நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். வேறு சிலர் தகவல்களைத் தேடித் தேடிச் சேர்ப்பார்கள்: காற்று எவ்வளவு வேகம், நிலநடுக்கம் எப்படி வருகிறது, மறுபடி எப்போது வரும். இப்படிக் கேட்கும் பிள்ளைக்கு நிலத்தட்டுகள் நகர்வதைப் படம் வரைந்து காட்டலாம். காரணம் தெரிந்த பூதம் கொஞ்சம் சிறுத்துவிடும்.

பதின்வயதுப் பிள்ளைகள் எதுவும் நடக்காத மாதிரி இருப்பார்கள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள், இரவெல்லாம் கைபேசியில் இருப்பார்கள், எடுத்தெறிந்து பேசுவார்கள். சிலர் வண்டியைத் தேவையில்லாத வேகத்தில் ஓட்டுவார்கள், சிலர் போதைப் பழக்கத்தில் விழுவார்கள். உள்ளே குற்றவுணர்ச்சி ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டியைத் தூக்கிவர முடியவில்லையே, அவன் போய்விட்டான், நான் மட்டும் இருக்கிறேனே என்று. நிவாரண வேலையில் அவர்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது. கைக்கு வேலை கிடைத்தால் மனத்துக்கு ஒரு பிடி கிடைக்கிறது. ஆனால் பதினான்கு வயதுப் பெண்ணின் தலையில் தம்பி தங்கைகளைக் கட்டிவிட்டு அவளையே அம்மாவாக்கிவிடக் கூடாது.

விளையாட்டில் வரும் வெள்ளம்

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையைச் சுனாமி தாக்கியது. அதன்பின் அங்கே சின்னக் குழந்தைகள் சுனாமி விளையாட்டு விளையாடத் தொடங்கினார்கள். "அலை வருது!" என்று ஒருவர் கத்த, மற்றவர்கள் மேசை மேல் ஏறுவார்கள். பார்த்த பெரியவர்களுக்கு நெஞ்சு பதறியது. இத்தனை பேர் இறந்துபோன விஷயத்தில் இது என்ன விளையாட்டு என்று.

குழந்தை சொல்லால் ஆற்ற முடியாததை விளையாட்டால் ஆற்றிக்கொள்கிறது. நிஜத்தில் அலை வந்தபோது அதன் கையில் எதுவும் இல்லை. விளையாட்டில் அலையைக் கூப்பிடுவதும் அதுதான், நிறுத்துவதும் அதுதான். அன்று தப்பிக்க முடியாத பொம்மை இன்று மேசை மேல் ஏறித் தப்பிக்கிறது. கட்டை அடுக்கி வீடு கட்டுவதும், தண்ணீர் ஊற்றி இடிப்பதும், மறுபடி கட்டுவதும் அதே வேலைதான். ஆகவே இந்த விளையாட்டைத் தடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே போதும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1976-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சௌச்சில்லா என்ற ஊரில் 26 பள்ளிப் பிள்ளைகள் பேருந்தோடு கடத்தப்பட்டு, மண்ணுக்கடியில் புதைக்கப்பட்ட ஒரு வண்டிக்குள் அடைக்கப்பட்டார்கள். எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து சந்தித்துப் பேசிய மனநல மருத்துவர் லெனோர் டெர், அவர்களில் சிலர் ஒருவித விளையாட்டை விளையாடுவதைக் கண்டார். ஒரே காட்சி, ஒரே முடிவு, திரும்பத் திரும்ப. அதில் சிரிப்பு இல்லை, முடிந்த பிறகும் நிம்மதி இல்லை. அது இயற்கைப் பேரிடர் அல்ல, ஆனாலும் இங்கேயும் அதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். விளையாட்டு நாளுக்கு நாள் மாறுகிறதா? ஒருநாள் மீட்புப் படகு வருகிறது, ஒருநாள் எல்லோரும் தப்பிக்கிறார்கள் என்றால் மனம் நகர்ந்துகொண்டிருக்கிறது. வாரக்கணக்கில் பொம்மை மூழ்கிக்கொண்டே இருக்கிறது, குழந்தையின் முகம் இறுகியே இருக்கிறது என்றால், நாம் உள்ளே போய் ஒரு கையை நீட்ட வேண்டும். "இந்தப் பொம்மையைத் தூக்க யாராவது வருவாங்களா?" என்று கேட்டுப் பார்க்கலாம். அப்படியும் மாறவில்லையென்றால் மனநல மருத்துவரின் உதவி வேண்டும்.

நம் முகம்தான் அவர்களுக்குச் செய்தி

1985-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மறக்காத ஒன்று. ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த மேசை மேல் விட்டார்கள். மேசையின் ஒரு பாதியில் கண்ணாடிக்குக் கீழே தரை சற்றுத் தாழ்ந்து, பள்ளம் மாதிரித் தெரியும். எதிர்ப்பக்கம் அம்மா நிற்பார். குழந்தை பள்ளத்தின் விளிம்புக்குத் தவழ்ந்து வந்து, கடக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மா சிரித்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து போனார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. பள்ளம் ஒன்றுதான். முகம்தான் வேறு.

பேரிடரிலும் இதையே பெரிய அளவில் பார்க்கிறோம். 1983 பிப்ரவரி 16 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா மாநிலங்களில் பெரும் காட்டுத்தீ பரவி 75 பேர் இறந்தார்கள். சாம்பல் புதன் தீ என்று அதைச் சொல்கிறார்கள். மனநல மருத்துவர் அலெக்ஸாண்டர் மெக்ஃபார்லேன் அதன்பின் 808 பள்ளிக் குழந்தைகளை இரண்டு வருடத்துக்கும் மேலாகத் தொடர்ந்து ஆராய்ந்தார். குழந்தை தீயை எவ்வளவு அருகில் பார்த்தது, எதை இழந்தது என்பதைவிட வேறு சில விஷயங்கள் அதிகக் கனமாக இருந்தன. தீக்குப் பிறகு உடனே பெற்றோரைப் பிரிந்திருந்ததா, அம்மா அந்தப் பயத்திலேயே தொடர்ந்து உழன்றாரா, குடும்பத்தின் நடப்பே மாறிப்போனதா என்பவை அவை.

இதைப் படித்துவிட்டு எந்த அம்மாவும் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்க வேண்டாம். வீட்டை இழந்தவர் உடைந்து போவது இயல்பு. இந்த ஆய்வு நமக்குச் சொல்வது, குழந்தைக்கு உதவ வேண்டுமானால் அதைத் தூக்கி வைத்திருப்பவருக்கு முதலில் உதவ வேண்டும் என்பதைத்தான். முகாமில் ஓர் அம்மாவுக்கு இரண்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்க வழி செய்தால், அது அந்தக் குழந்தைக்குச் செய்த வைத்தியம்.

குழந்தை முன்னால் அழவே கூடாதா? அழலாம். ஆனால் எதற்கு அழுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். "நம்ம பழைய வீட்டை நினைச்சேன், அழுகை வந்துருச்சு. உன்மேல கோபம் இல்லை. கொஞ்ச நேரத்துல சரியாயிருவேன்." இதைச் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பாடு எடுத்து வைத்தால், அழுகைக்கும் ஒரு முடிவு உண்டு என்று குழந்தை கண்ணெதிரே கற்றுக்கொள்கிறது.

யாருக்கு அதிகம், எவ்வளவு காலம்

ஆஸ்திரேலிய ஆய்வு அப்படிச் சொன்னாலும், ஆபத்து எவ்வளவு நெருங்கியது என்பதை ஒதுக்கிவிட முடியாது. 1988 டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவில் நிலநடுக்கம் வந்தபோது காலை மணி 11:41. பிள்ளைகள் வகுப்பறையில் இருந்த நேரம். பல பள்ளிக் கட்டடங்கள் இடிந்தன. ஏறத்தாழ ஒன்றரை வருடம் கழித்து ஆராய்ந்தபோது, மையத்தை ஒட்டிய ஸ்பிடாக் நகரப் பிள்ளைகளிடம் பாதிப்பு மிகக் கடுமையாக இருந்தது. அடுத்து கியும்ரி, தொலைவிலிருந்த தலைநகர் எரவானில் மிகக் குறைவு. உயிருக்கு ஆபத்து என்று உணர்ந்தது, இறந்தவர்களைக் கண்ணால் பார்த்தது, வீட்டில் ஒருவரை இழந்தது, இவையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் சுமைகள். முன்பே பதற்றமான சுபாவம் கொண்ட குழந்தை, முன்பே வேறு துயரம் பார்த்த குழந்தை, மாற்றுத்திறன் உள்ள குழந்தை ஆகியோரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இழப்பைக் குழந்தையின் கணக்கில் பார்க்கவும் பழக வேண்டும். வீடு போய்விட்டது என்று நாம் அழும்போது, அது காணாமல் போன ஒரு காது கிழிந்த துணிப் பொம்மைக்காக அழும். "உயிரோட இருக்கோமே, பொம்மையா முக்கியம்?" என்று கேட்கத் தோன்றும். அந்தப் பொம்மையைக் கட்டிக்கொண்டுதான் அது இத்தனை நாள் தூங்கியது. வளர்த்த நாயும் பூனையும் அப்படித்தான். அதை ஒரு சாவாகவே எடுத்துக்கொண்டு குழந்தையோடு சேர்ந்து வருத்தப்படுங்கள்.

எவ்வளவு காலம் இது இருக்கும்? 1992-இல் ஆண்ட்ரூ சூறாவளி அமெரிக்காவின் புளோரிடாவைச் சூறையாடிய பிறகு, உளவியலாளர் ஆனெட் லா கிரேகாவும் உடன் ஆய்வு செய்தவர்களும் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படித்த 442 பிள்ளைகளை 3, 7, 10 மாதங்களில் மூன்று தடவை பார்த்தார்கள். தடவைக்குத் தடவை பாதிப்பு குறைந்துகொண்டே வந்தது. பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகிறார்கள். ஆனால் பத்தாவது மாதத்திலும் ஒரு பகுதிப் பிள்ளைகள் விடுபடாமல் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைத்தான் நாம் தவறவிடக் கூடாது.

பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடியது

முதல் நாட்களில் குழந்தைக்கு வேண்டியது மிக எளியது: பத்திரமான இடம், குடிக்கத் தண்ணீர், உலர்ந்த துணி, தெரிந்த முகம். எந்தக் காரணத்துக்காகவும் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்காமல் இருப்பது இவற்றில் முக்கியமானது. "இன்னிக்கு இங்க தூங்குவோம். நாளைக்குக் காலையில அப்பா போய் வீட்டைப் பார்த்துட்டு வருவார்" என்று அடுத்து நடக்கப்போவதைச் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மனநல முதலுதவி வழிகாட்டி இந்த வேலையை மூன்று சொல்லில் அடக்குகிறது: பார், கேள், இணை. யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பது, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, வேண்டிய உதவியோடு இணைத்துவிடுவது. இதற்கு மருத்துவப் பட்டம் வேண்டாம்.

நல்ல எண்ணத்தில் செய்யும் ஒரு தவறு: குழந்தையை உட்கார வைத்து, "என்ன பார்த்த? எப்படித் தப்பிச்ச? சொல்லு, சொன்னா மனசு லேசாயிரும்" என்று துருவுவது. அதிர்ச்சி ஆறுவதற்குள் நடந்ததையெல்லாம் வற்புறுத்திச் சொல்ல வைப்பது பலன் தருவதில்லை, சில சமயம் புண்ணைக் கிளறிவிடும். அதைவிட மோசம், வருகிற ஒவ்வொருவர் முன்னாலும் கேமரா முன்னாலும் கதை சொல்ல வைப்பது. குழந்தை தானாகச் சொல்ல வரும்போது கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். சொல்லாவிட்டால் வெள்ளைத்தாளும் கலர் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும்.

பெரியவர்களைத் திணறடிக்கும் கேள்வி ஒன்று எப்படியும் வரும்.

"அம்மா, மறுபடியும் தண்ணி வருமா?"

"அதெல்லாம் வராது, பேசாமப் படு" என்பது வாயில் தயாராக இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் வந்துவிட்டால் அம்மாவின் சொல்லும் வெள்ளத்தோடு போய்விடும். "வரலாம் கண்ணு. எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. ஆனா வந்தா என்ன செய்யணும்னு இப்ப நமக்குத் தெரியும். உன்னைத் தூக்கிட்டு மேல போயிருவேன். டார்ச் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?" இந்தப் பதிலில் பொய் இல்லை. குழந்தைக்கு ஒரு வேலையும் இருக்கிறது. இதே கேள்வியை அது நாளைக்கும் கேட்கும், நாளை மறுநாளும் கேட்கும். பதிலை மறந்து கேட்பதில்லை, பதில் இன்னும் மாறாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறது. அதே பதிலை அதே குரலில் சொல்லுங்கள்.

அப்புறம், அன்றாடம். சாப்பாடு, குளியல், கதை, தூக்கம் என்று ஒரே வரிசையில் நாள் நகரட்டும். முகாமில் இருந்தாலும் ராத்திரிக் கதை ஒன்று இருக்கலாம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த நாள், அடுத்து என்ன வருமோ என்று பயந்த மனத்துக்கு மருந்து. பள்ளியைச் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று சொல்வதும் பாடம் கெட்டுவிடும் என்பதற்காக மட்டும் இல்லை. நண்பர்கள் உயிரோடு இருப்பதைக் கண்ணால் பார்க்கவும், தினமும் போக ஓர் இடம் இருக்கவும்தான். யுனிசெஃப் போன்ற அமைப்புகள் பேரிடர்ப் பகுதிகளில் குழந்தைகளுக்கென்று தனியாக விளையாட்டு இடங்கள் அமைப்பதும் இதற்காகவே.

தொலைக்காட்சியையும் கைபேசியையும் பற்றி ஒரு வார்த்தை. ஒரே கட்டடம் இடியும் காட்சியை நாள் முழுக்க ஓட்டினால், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு கட்டடம் இடிகிறது என்று சின்னக் குழந்தை நினைக்கலாம். அதை அணைத்துவிடுங்கள். பெரிய பிள்ளை பார்த்தே தீருவேன் என்றால் கூட உட்கார்ந்து பாருங்கள், அது உண்மையா, எப்போது எடுத்தது என்று பேசுங்கள்.

சரி, அந்தச் செருப்பை என்ன செய்வது? அங்கேயே இருக்கட்டும். வேண்டுமானால் கழுவித் துடைத்து, ஒரு தாள் விரித்து அதன்மேல் வைக்கச் சொல்லலாம். பக்கத்தில் நம் செருப்பையும் வைக்கலாம். "ஓட வேண்டி வந்தா ரெண்டு பேரும் போட்டுக்கிட்டு ஓடலாம்" என்றால் அவனுக்குப் புரியும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

முதல் சில வாரத் தடுமாற்றம் இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவும் திடுக்கிடலும் குறையவில்லை, நடந்ததை நினைவூட்டும் எதையும் குழந்தை கிட்டவே சேர்க்கவில்லை, எதிலும் சந்தோஷம் இல்லை, பள்ளிக்குப் போக முடியவில்லை, சாப்பாடும் தூக்கமும் கெட்டு உடம்பு இளைக்கிறது என்றால் குழந்தைகள் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். பிடிஎஸ்டி என்று சொல்லப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் குழந்தைகளுக்கும் வரும். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் நோய்களை வகைப்படுத்தும் தன் விதிகளைத் திருத்தியபோது, ஆறு வயதுக்கும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு இந்த நோயைக் கண்டறியத் தனி அளவுகோலே வகுத்தது. சின்னக் குழந்தை அதைச் சொல்லில் காட்டாது, விளையாட்டிலும் நடத்தையிலும்தான் காட்டும் என்று மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது.

செத்துவிடலாம் என்றோ, இறந்தவரிடம் போய்விட வேண்டும் என்றோ ஒரு பிள்ளை பேசினாலும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலும் ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது. அன்றே போக வேண்டும்.

மருத்துவரிடம் போனால் உடனே மாத்திரை தந்துவிடுவார்களோ என்று பலரும் தயங்குகிறார்கள். குழந்தைகளின் அதிர்ச்சிக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது பேச்சுவழிச் சிகிச்சைதான். மூச்சை நிதானப்படுத்தப் பழக்குவது, உணர்ச்சிக்குப் பெயர் வைக்கக் கற்றுத்தருவது, குழந்தை தயாரான பிறகு நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லவோ வரையவோ வைப்பது என்று அது போகும். பெற்றோரும் அதில் பங்கெடுப்பார்கள். மேலே சொன்ன ஆர்மீனியாவில் பள்ளிகளிலேயே வைத்து இப்படிச் சிகிச்சை தந்தார்கள். சிகிச்சை கிடைத்த வளரிளம் பிள்ளைகள், கிடைக்காதவர்களைவிடத் தேறியிருந்தார்கள். அதுவும் நிலநடுக்கம் முடிந்து ஒன்றரை வருடம் கழித்துத் தொடங்கிய சிகிச்சை. தாமதமாகிவிட்டதே என்று யாரும் விட்டுவிட வேண்டியதில்லை.

எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அப்புறம் அடுத்த மழைக்காலம் வரும், அல்லது அந்த நாளின் ஆண்டு நிறைவு வரும். மறந்தே போயிருந்த விரல் சூப்புதல் ஒரு ராத்திரி திரும்பியிருக்கும். குழந்தைக்குத் தேதி தெரியாது, ஆனால் மேகத்தின் நிறமும் ஈரக் காற்றின் வாசனையும் உடம்புக்கு ஞாபகம் இருக்கும். முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்: "இந்த வாரம் மழை வரும்னு சொல்றாங்க. சத்தம் கேட்டா பயமா இருக்கலாம், எனக்கும்கூட இருக்கும்." அவசரப் பையை இறக்கி, டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டு, அது எரிகிறதா என்று பார்க்கும் வேலையைக் குழந்தையிடமே கொடுங்கள். பத்துத் தடவை போட்டுப் போட்டு அணைத்துப் பார்க்கும். பேட்டரி தீர்ந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.